நான்கு கை வைத்த சட்டை

சட்டைக்கு நான்கு கை இருந்தது என்பதில் சந்தேகமில்லை. அது வெள்ளையா இளநீலமா என்பதில்தான் என் நினைவை நம்ப முடியவில்லை. தெருவில் ஆளுக்கொரு நிறம் சொல்கிறார்கள்.

தைத்தவர்கள் அண்ணனும் தம்பியும். அண்ணன் தையல்காரன். தம்பி பக்கத்துக் கடையில் பைக் மெக்கானிக். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவன். அப்பா இறந்ததிலிருந்து இருவரும் பேசிக்கொண்டதில்லை. எதற்குச் சண்டை என்பது மறந்துவிட்டது, சண்டை மட்டும் மறக்கவில்லை. அந்த வருடம் அண்ணனுக்குக் கண் மங்கியது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர். பள்ளிச் சீருடைகள் அறை முழுக்க வெட்டிக் கிடந்தன. கடையை மூட முடியாது என்றான் அவன்.

அவன் மனைவி, வேலை பார்த்த அலுவலகம் மூடிவிட்டதால், பின்னறையில் பழைய லேப்டாப்பில் சர்வர் பராமரிப்பு படித்துக்கொண்டிருந்தாள். இருந்த ஒரு கணினிக்குள்ளேயே இரண்டு மெய்நிகர் கணினிகளை உருவாக்கி, ஒன்று விழுந்தால் மற்றது அதன் வேலையை எடுத்துக்கொள்ளும்படி கிளஸ்டராக இணைத்தாள். அண்ணன், தம்பி என்று அவற்றுக்குப் பெயர் வைத்தாள். சோதனைக்காக ‘அண்ண’னை அணைத்தபோது, முன்கடையில் கணவன் தையல் மெஷின்மேல் சாய்ந்து தூங்கிப்போனான். கொழுந்தன் கிரீஸ் கையைத் துடைத்தபடி வந்து, அவனை நாற்காலியோடு நகர்த்திவிட்டு, காலர் எங்கே நின்றதோ அங்கிருந்து தைத்தான். ‘அண்ண’னை மறுபடி இயக்கியதும் எழுந்து போய்விட்டான். காலர் நன்றாகவே வந்திருந்தது. ஆபரேஷனுக்கு வழி பிறந்தது என்று அவள் நினைத்தாள்.

ஆனால் அடுத்த சோதனையில் இரண்டுக்கும் இடையிலிருந்த இணைப்பைத் தவறுதலாக அறுத்துவிட்டாள். மற்றது செத்துவிட்டது என்று ஒவ்வொன்றும் முடிவுகட்டி, முழு வேலையையும் தானே எடுத்துக்கொண்டது. கடையில் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே சட்டைக்கு ஆளுக்கு இரண்டு கை வைத்து முடித்தார்கள்.

யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று சொல்ல மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதையும் உருவாக்கி ‘நாத்தனார்’ என்று பெயர் வைத்தாள். மறுநாள் காலையில் அந்த இருவரின் அக்கா பையோடு வந்து, இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“இந்தக் குடும்பத்துல நான் சொல்றதுதான் கடைசின்னு கம்ப்யூட்டருக்காவது தெரிஞ்சிருக்கே!”

ஆபரேஷன் முடிந்து கண் ஆறும்வரை ‘அண்ணன்’ அணைந்தே கிடந்தது. கட்டுப்போட்ட கண்ணோடு அவனும் தூங்கினான். “பெரியவன் இல்ல, நீ தையிடா” என்றாள் அக்கா. தம்பி தைத்தான். கடைசிக் கட்டுச் சீருடை மீதியிருக்கையில் ‘அண்ண’னை இயக்கினார்கள்.

“பெரியவன் வந்துட்டான். எந்திரி.”

தம்பி எழுந்திருக்கவில்லை. தலை நிமிராமல் கேட்டான்: “அண்ணே, பட்டன் எங்க வெச்சிருக்க?”

அண்ணன் நாற்காலியை மெஷின் பக்கம் இழுத்துப் போட்டான். பிறகு சொன்னான்: “வெச்ச எடத்துலதான். கண்ணு எனக்கா உனக்கா ஆபரேஷன்?”

சீருடைகள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. அண்ணன் மனைவி போன வேலை நேர்காணலில், இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேசாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். நாலு கை முளைக்கும் என்றாள் அவள். வேலை கிடைத்தது. அண்ணனுக்குப் பார்வை தெளிவாக இருக்கிறது. தம்பி காலையில் பைக் பார்க்கிறான், மதியத்துக்கு மேல் தைக்கிறான். அக்கா இன்னும் ஸ்டூலில்தான். அந்தச் சட்டைக்கு உரியவர் ஒருநாள் வந்து போட்டுப் பார்த்தார். நான்கு கையும் அளவாக இருந்தன. காலர்தான் கொஞ்சம் இறுக்கம் என்றார்.