தலையாட்டினான்

"திரும்பத் திரும்ப மாஸ்க்கைப் பிடுங்கினா எப்படிங்க?" என்று கேட்டுக்கொண்டே, நெனிதாவின் தாடைக்குக் கீழே இறங்கிக் கிடந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கை நர்ஸ் மூக்கின் மேல் ஏற்றி மாட்டினாள். அதுவரை நர்ஸின் முகம் நெனிதாவின் புருஷன் எல்மோவைப் பார்த்திருந்தது. பிறகு கட்டில் பக்கம் குனிந்தபடி வேறு ஏதோ கேட்டாள். அவனுக்கு முதுகுதான் தெரிந்தது. பதிலுக்காக அவள் திரும்பிப் பார்த்தபோது எல்மோ வழக்கம்போல லேசாகச் சிரித்துத் தலையாட்டினான். அவளும் சரி என்று போய்விட்டாள்.

தலையாட்டுவதில் அவனை மிஞ்ச பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்தில் ஆள் கிடையாது. ஜனவரித் திருவிழாவில் தெருவிலும், மற்ற மாதங்களில் ஆற்றோர ஹோட்டலிலும் டிரம்ஸ் அடித்து அடித்துக் காது போயிருந்தது. ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும் ஜோடித் தகடுகள் இருக்கும் இடது பக்கம் முதலில் போனது. வலது பக்கம் கொஞ்சம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு அதுவும் போனது. மிச்சம் இருந்தது ஓயாத ஒரு ரீங்காரம்தான். தாளம், அவன் உட்காரும் முக்காலி வழியாகவும் கால் வழியாகவும் ஏறிவிடும். பேச்சை உதட்டில் பார்த்துக்கொள்வான். செவிட்டு டிரம்மரை எவன் வேலைக்கு வைப்பான்? யாரிடமும் சொல்லவில்லை. நெனிதாவிடம்கூட.

"எல்மோகிட்ட கடன் கேளுங்கடா, சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவான். மறுநாள் போனா முழிப்பான்" என்று கூட டிரம்ஸ் அடிக்கிற நண்பன் தாசியோ கேலி செய்வான். அதற்கும் எல்மோ தலையாட்டுவான்.

காதைத் தவிர உடம்பில் பழுது இல்லை என்றால் அது நெனிதாவின் கைகளால். சுளுக்கு எடுப்பவள் அவள். வாழையிலைத் துண்டில் தேங்காய் எண்ணெய் தடவி முதுகில் இழுப்பாள். இலை எங்கே ஒட்டி நிற்கிறதோ அங்கே கட்டைவிரலை வைப்பாள். கல்யாணமான புதிதில் அவன் மணிக்கட்டு வீங்கி, கரண்டி பிடிக்க முடியாமல் கிடந்தான். தடவிவிட்டதோடு அவள் நிற்கவில்லை. ஹோட்டலுக்கே போய் அவன் அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"முக்காலிய ஏத்திப் போடு. தவளை மாதிரி உக்காந்திருக்க. குச்சிய எதுக்குக் கழுத்த நெரிக்கிற மாதிரி பிடிக்கிற? அடிச்சதும் அதுவே எகிறி வரும், வர விடு" என்றாள். டிரம்ஸைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. வலியைப் பற்றித் தெரியும். வீக்கம் வடிந்தது. அதன்பின் திருவிழாவுக்கு முன்னால் தெரு டிரம்மர்கள் எல்லாரும் அவள் வீட்டு வாசலில்தான் நின்றார்கள். தோள்பட்டை வாருக்கு அடியில் துண்டு தைத்துக் கொடுப்பாள், விரலுக்கு ஒட்டுத்துணி சுற்றுவாள், போகும்போது காதுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி பஞ்சடைப்பான் கொடுப்பாள். எல்மோ மட்டும் வாங்கமாட்டான். அதை மாட்டினால் பாட்டு செத்துப்போகும் என்பான்.

"எல்லாத்தையும் தடவிச் சரி பண்ணிருவேன். காதைத் தடவ முடியாதுய்யா" என்பாள் அவள்.

இப்போது அவள் நுரையீரல் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். பேச்சு வெறும் காற்றாகிவிட்டது. காலையிலிருந்து அவள் அவனிடம் ஏதோ சொல்லப் பார்க்கிறாள். மாஸ்க் என்னவோ கண்ணாடி மாதிரிதான்; ஆனால் பேச வாயெடுத்தால் மூச்சு வரும், மூச்சு வந்தால் ஆவி படியும். உதடு அசைய வேண்டிய நேரத்தில் சரியாக அது மறைந்துபோகும். வலது காதை மாஸ்க்கின் மேலேயே வைத்துப் பார்த்தான். ரீங்காரம்தான்.

"இன்னொரு தடவ சொல்லு நெனி."

சொன்னாள். மார்புக்கூடு ஏறி இறங்கியது. ஆவி படிந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. மறுபடி கேட்க மனம் வராமல் தலையாட்டினான். அவள் அவனையே பார்த்தாள். இல்லை என்பதுபோல மெதுவாகத் தலையை அசைத்துவிட்டு, கையை மாஸ்க்குக்குக் கொண்டுபோனாள்.

அப்போதுதான் நர்ஸ் பேண்டேஜ் துணிச் சுருளோடு திரும்பி வந்தாள். நெனிதாவின் வலது மணிக்கட்டில் இதமாகச் சுற்றி, கட்டில் கம்பியோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

"எதுக்கு இது?" என்றான் எல்மோ.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "இப்பத்தானே கேட்டேன், கையைக் கட்டிரலாமான்னு. நீங்கதானே தலையாட்டினீங்க? மாஸ்க் இறங்குறப்பல்லாம் ஆக்ஸிஜன் விழுந்துருது. அவங்க நல்லதுக்குத்தான்."

எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அதைச் சொன்னால் இத்தனை வருடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவிர, நெனிதா எதற்காக மாஸ்க்கைப் பிடுங்குகிறாள் என்று அவனுக்கே தெரியவில்லை. நர்ஸ் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று பட்டது. நர்ஸ் இடது கையையும் கட்டினாள். ஊரே தேடி வந்த கைகள் கம்பியோடு கிடந்தன. நெனிதா திமிறவில்லை. அவன் தன் கையைக் கொண்டுபோய் அவள் விரல்களுக்குள் வைத்தான். கட்டைவிரல் அவன் மணிக்கட்டில் பழைய இடத்தைத் தேடிப்பிடித்து அழுத்தியது. சாயங்காலம் அந்த அழுத்தம் நின்றுபோனது. அவன் நர்ஸைக் கூப்பிட்டது அதன்பின் நெடுநேரம் கழித்துத்தான்.

வீட்டுக்கூடத்தில் நெனிதாவின் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். வாசலில் தார்ப்பாய்க்கு அடியில், சாவு வீட்டில் கண்விழிப்பவர்களுக்கான வழக்கப்படி, சீட்டாட்டமும் பிஸ்கட்டும் காபியும் ஓடிக்கொண்டிருந்தன. டிரம்மர்கள் வந்தார்கள். பெட்டியின் கண்ணாடி முன் நின்றபோது ஒருவன் தன் தோளைத் தடவிக்கொண்டான், ஒருவன் முழங்கையை. தாசியோ எதுவும் கேலி பேசவில்லை.

அடக்கத்தன்று காலை மாமியார் வந்து எல்மோவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கடைசியா என்ன சொன்னா மகனே?"

"தெரியலம்மா." முதல்முறையாக அவன் தலையாட்டவில்லை. "மாஸ்க் போட்டிருந்தா. உதடு தெரியல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மாமியார் அசரவில்லை.

"உன் காது சேதி எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அடுப்படி விளக்கை எதுக்கு மேசைக்கு மேல மாத்தினா? 'அம்மா, அவருகிட்டப் பேசுறப்ப முன்னாடி போய் வெளிச்சத்துல நில்லு, உதடு தெரியணும்'னு எத்தனை தடவை என்னைத் திட்டியிருக்கா தெரியுமா?"

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தா." மாமியார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு யோசனையோடு கேட்டாள்: "ஆனா அவ விடமாட்டாளே. உன்கிட்டப் பேசணும்னா அந்த மாஸ்க்கைக் கழட்டியிருப்பாளே. கழட்டலையா?"

கம்பியோடு முடிச்சுப் போட்ட அந்த இரண்டு கைகளும் எல்மோவின் கண்முன் வந்தன. அவன் மாமியாரின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் பாதிரியார் வந்துவிட்டார். கண்ணாடியைத் திறந்தார்கள். கண்ணீர் உள்ளே விழக்கூடாது என்று யாரோ மாமியாரைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். நெனிதாவின் இரண்டு கைகளையும் மார்பின் மேல் சேர்த்து, மணிக்கட்டுகளைச் சுற்றி ஜெபமாலை போட்டிருந்தது. அதை அறுக்காமல் புதைத்தால் வீட்டில் அடுத்த சாவு விழும் என்பார்கள். கத்தரிக்கோலை எல்மோவிடம் கொடுத்தார்கள்.

நூல் ஒரே வெட்டில் அறுந்தது. அது போதும் என்று பாதிரியார் கையசைத்தார். எல்மோ நிறுத்தவில்லை. மாலையைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து முழுவதும் வெளியே எடுத்தான். மணிகள் பதிந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டான். பிறகு அந்தக் கைகளைப் பிரித்து, ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் வைத்தான்.

பின்னாலிருந்து யாரோ முதுகைத் தொட்டு ஏதோ கேட்டார்கள். அவன் திரும்பினான்.

"எனக்குக் காது கேக்காது" என்றான். "முன்னாடி வந்து சொல்லுங்க."

வாசல் சீட்டாட்டம் நின்றது. கேட்டவர் பெட்டியைச் சுற்றிக்கொண்டு விளக்கு வெளிச்சத்துக்கு வந்து நின்றார்.