பட்டறை உடுப்பு

"வீட்டுல துணி துவைக்கிறது யாரு?" என்று அந்த டாக்டரம்மா கேட்டபோது மர்ரே ட்ரெகென்ஸாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடிலெய்ட் ஆஸ்பத்திரி வரை வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, மனைவி ஏவிஸைப் படம் எடுத்து, ஊசி குத்தி, முதுகிலிருந்து நீர் உறிஞ்சி, கடைசியில் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்தார். அதற்கு முன்னால் அந்த அம்மாள் கேட்டதெல்லாம் முறையான கேள்விகள். சுரங்கத்தில் வேலை பார்த்தீர்களா, கப்பல் துறையில் இருந்தீர்களா, கூரைத் தகடு செய்கிற ஆலைப் பக்கம் குடியிருந்தீர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள் ஏவிஸ். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் சொந்த ஊரான வாலரூ நூலகத்தில் புத்தகம் அடுக்கினவள் அவள். புருஷன் கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடைபோட்டவர். வேறெதுவும் இல்லை.

"இவருக்கு பைக் பைத்தியம், அவ்வளவுதான்" என்றாள் ஏவிஸ். "போர்க்காலத்து ராணுவ பைக். வீட்டு ஷெட்லயே பிரிச்சு மாட்டுவாரு. முப்பது வருஷத்துல நாலஞ்சு முடிச்சுட்டாரு."

டாக்டரின் பேனா நின்றது. "பிரேக்கெல்லாம்?"

"எல்லாமே இவர் கையாலதான்" என்றாள் ஏவிஸ். அதை அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். பிறகுதான் அந்தத் துணிக் கேள்வி வந்தது. "நான்தான்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. மர்ரேவுக்கு இன்னும் சில நொடிகள் பிடித்தன.

அவரையும் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். எடுத்தார்கள். வயதுக்கு மிக நல்ல நுரையீரல் என்று சொன்னார் படம் பார்த்த ஆள், பாராட்டுகிற குரலில்.

திரும்பி வரும்போது போர்ட் வேக்ஃபீல்ட் என்ற ஊரைத் தாண்டினார்கள். இரண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல்கள், வெயிலில் வெளுத்துக் கிடந்தன. மர்ரே வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். லாரிகள் கடந்துபோகும்போதெல்லாம் கார் குலுங்கியது.

"எனக்கு வந்திருக்கணும்" என்றார்.

"உனக்கா? சளி பிடிச்சாலே உயில் எழுதுற ஆளு நீ. உனக்கு வந்திருந்தா இந்நேரம் என்னைப் பைத்தியமாக்கியிருப்ப" என்றாள் ஏவிஸ். சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. அவர் அவள் முதுகில் கை வைக்கப் போனார், வைக்கவில்லை. தன் கையை ஒருதரம் பார்த்துக்கொண்டு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் வேண்டாமென்று ஏலம் விட்ட பைக்குகளை அந்தப் பக்கத்து விவசாயிகள் வாங்கிப்போட்டிருந்தார்கள். ஆடு ஓட்டினார்கள், முயல் வேட்டைக்குப் போனார்கள், ஓடாமல் போனதும் கோழிக் கொட்டகையில் தள்ளினார்கள். மர்ரே தேடிப் போய் எடுத்துவந்ததெல்லாம் அப்படிக் கோழி எச்சத்துக்குள் புதைந்து கிடந்தவைதான். சிவப்பு, கறுப்பு என்று விவசாயி பூசிய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டே போனால் அடியில் ஓரிடத்தில் அந்த ராணுவப் பச்சை தெரியும். அது தெரிகிற கணத்துக்காகத்தான் அவர் வாரம் முழுக்க லாரிகளை எடைபோட்டார். போல்ட் முதல் விளக்குவரை எல்லாம் அந்தக் காலத்து அசலாகவே இருக்க வேண்டும் என்பது பழைய பைக் பிரியர்கள் கூட்டத்தில் ஒரு வைராக்கியம். புதிதாக வாங்கிப் பூட்டினால் கண்காட்சியில் சக கிழவர்கள் குனிந்து பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். அதனால் சக்கரத்தை உரசி நிறுத்துகிற பட்டையான பிரேக் லைனிங்கும் அசல்தான். ராணுவம் மெழுகுத்தாளில் சுற்றித் தகரப்பெட்டியில் அடைத்து வைத்தது, நாற்பது வருஷமாகப் பிரிக்காதது. அதைப் பிரேக் ஷூவில் வைத்துத் துளைபோட்டு, ரிவிட் அடித்து, டிரம்முக்குள் உட்காரும்வரை அரத்தால் ராவ வேண்டும். ராவுகிற தூள் மாவு மாதிரி இருக்கும். வாயால் ஊதினால் போய்விடும். ஏவிஸ் திங்கட்கிழமைகளில் அவருடைய பட்டறை உடுப்பைப் பின்வாசலுக்கு எடுத்துப்போய் நாலு உதறு உதறிவிட்டு மெஷினில் போடுவாள். உதறாமல் போட்டால் மற்ற துணியெல்லாம் சாம்பல் பூத்துவிடும்.

கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், பொல்லாதது என்று மர்ரேவுக்குத் தெரியாமலில்லை. இந்த நாட்டில் அது தெரியாத ஆள் யார்? பக்கத்து வீட்டுக்காரன் பழைய வேலித் தகட்டை உடைக்கப் போனபோது தடுத்து நிறுத்தியவரே அவர்தான். லைனிங்கிலும் அது இருக்கிறது என்று பழைய பைக் சங்கத்தில் யாரோ சொன்ன பிறகு வடிகட்டி வைத்த முகமூடி ஒன்று வாங்கிக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டுதான் ராவினார். வேலை முடிந்ததும் முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அதே உடுப்போடு சமையலறைக்குள் போய் ஏவிஸ் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

வயாலாவிலிருந்து வந்த மகள் ராஸ்லின் அந்த முகமூடியைத்தான் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் துணிகளை அலமாரியில் அடுக்கி, ஒரு வாரத்துக்கான சூப் செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, எல்லா வேலையும் முடிந்தபிறகு ஷெட்டுக்குப் போய் அதை எடுத்துவந்து அவர் முன்னால் மேசையில் போட்டாள்.

"உன் மூக்கை மட்டும் மூடிக்கிட்டியே அப்பா."

 என்ன சொல்வது? அவளைப் பற்றி நினைக்கவில்லை என்றால் அது உண்மை. அந்த உண்மை ஒரு காசு பெறாது.

"ராஸ், போதும்" என்றாள் ஏவிஸ் உள்ளறையிலிருந்து.

"நீ ஏம்மா இவருக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்ற?"

"பரிஞ்சுக்கிட்டு வரல. எனக்குத் தூக்கம் வருது. சண்டை போடணும்னா கடற்கரைக்குப் போய் போடுங்க."

ராஸ்லின் போனபின் மர்ரே ஷெட்டைப் பூட்டினார். உள்ளே பாதி முடிந்த பி.எஸ்.ஏ பைக் ஒன்று சக்கரமில்லாமல் கட்டையில் நின்றது. அதைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கிவிடப் போவதாக ஏவிஸிடம் சொன்னார். 

"நொறுக்கேன். அந்தத் தூசி எங்க போகும்?" என்றாள் அவள்.  "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. எனக்கு உன் பைக் எதுவுமே பிடிச்சதில்ல. ஒண்ணுகூட. அந்தச் சத்தமும், அந்த எண்ணெய் நாத்தமும். நீ ஷெட்லேர்ந்து உள்ள வரும்போது ஒரு முகத்தோட வருவ பாரு, அது பிடிக்கும். அதுக்காக பேசாம இருந்துட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவள் இதைச் சொன்னதே இல்லை. அவருக்கு அது மன்னிப்பா தண்டனையா என்று தெரியவில்லை.

மறுவாரம் டட்லி யான்ஷ் வந்தார். பக்கத்து ஊர் கடீனாக்காரர், சங்கத்தின் தலைவர், மர்ரேவுக்கு வாலிப காலத்துச் சிநேகிதர். ஏவிஸுக்கு நுரையீரலில் ஏதோ கோளாறு என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். மனைவி கிளெனிஸ் கொடுத்தனுப்பிய ஆப்பிள் கேக்கைச் சமையலறையில் வைத்துவிட்டு, ஏவிஸின் தோளைத் தட்டிவிட்டு, மர்ரேவைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் போனார்.

"டேய், ஆன்சாக் தினத்துக்கு, போர்ல செத்தவங்க நினைவு ஊர்வலத்துல என் நார்ட்டன் பைக் போகணும்டா. பின் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது. உன்கிட்ட அந்தப் பழைய லைனிங் ஒரு பெட்டி இருக்குமே?"

"இருக்கு" என்றார் மர்ரே.

இதோ சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அப்போ ஏவிஸுக்கு வந்தது... என்று இழுத்துவிட்டு டட்லி அவர் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை ஒன்றைத்தான் அவரால் தாங்க முடியாது. ஷெட்டைத் திறந்தார். தகரப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

"தண்ணி போட்டு ராவு" என்று மட்டும் சொன்னார்.

"ஆமாமா, நீதான் எனக்குச் சொல்லித் தரணும்" என்று சிரித்துக்கொண்டே போனார் டட்லி.

ஏவிஸ் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தாள். டட்லி கக்கத்தில் பெட்டியை இடுக்கிக்கொண்டு காருக்குப் போவதைப் பார்த்தாள்.

"சொன்னியா?"

மர்ரே கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"மர்ரே, கிளெனிஸ்தானே அவன் துணியத் துவைக்கிறா?"

குழாயை மூடினார்.  அவள் கத்தியிருந்தால் நன்றாயிருக்கும் என்று இருந்தது அவருக்கு. அவள் நாட்காட்டியைப் பார்த்தாள். சனிக்கிழமை கடீனாவில் சங்கக் கூட்டம். ஊர்வலத்துக்கு முந்தைய கூட்டம் என்பதால் குடும்பத்தோடு எல்லோரும் வருவார்கள். "என்னைக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

கண்காட்சித் திடலின் மண்டபத்துக்கு வெளியே பைக்குகள் வரிசையாக நின்றன. உள்ளே ஆண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்; பெண்கள் பின்னால், தேநீர் மேசையைச் சுற்றி. காரிலிருந்து மண்டப வாசல் வருவதற்குள் ஏவிஸ் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். டட்லி ஊர்வல வழியைப் பற்றிப் பேசி முடித்ததும் அவள் எழுந்து முன்னால் போனாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவளை மேடைப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. வேடிக்கையாக ஏதோ சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள்.

"எனக்கு இருக்கிற வியாதி என்னன்னு உங்களுக்கு யாரும் சொல்லல" என்று ஆரம்பித்தாள். "நுரையீரலச் சுத்தி இருக்கிற சவ்வுல புத்துநோய். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால வர்றது. நான் எந்தச் சுரங்கத்துக்கும் போனதில்ல. எங்க வீட்டுல அது எங்க இருந்துச்சுன்னா..."

மூச்சு அங்கே நின்றுவிட்டது. வாய் திறந்திருந்தது; உள்ளே எதுவும் போகவில்லை. அவள் ஒரு கையைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் காட்டினாள். யாரோ தண்ணீர் என்றார்கள். மண்டபம் முழுவதும் அந்த இழுப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மர்ரே கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவள் அவரைத் தேடவில்லை, அந்தப் பக்கம் திரும்பவுமில்லை. அதுதான் அவரை நகர்த்தியது. போய் அவள் பக்கத்தில் நின்றார்.

"என் உடுப்புல இருந்துச்சு" என்றார். "நான் லைனிங் ராவுனேன். ஊதுனேன். முகமூடி போட்டுக்கிட்டு ராவுனேன். அப்புறம் அந்தத் துணிய இவகிட்ட கொடுத்தேன். இவ உதறினா."

 முன்வரிசையில் ஒரு கிழவர் தன் பூட்ஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டட்லி எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"மர்ரே, நீ மனசு உடைஞ்சு போயிருக்க, புரியுது. ஆனா நாம எல்லாரும்தானே ராவுறோம்? எங்கப்பா ஆயுசு முழுக்க பிரேக் வேலை பார்த்தாரு. தொண்ணூறு வயசுவரைக்கும் கல்லு மாதிரி இருந்தாரு."

"உங்கம்மா?" என்றார் மர்ரே.



டட்லியுடைய அம்மா எப்படிப் போனாள் என்று அந்த மண்டபத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். ஐம்பதைத் தாண்டவில்லை. கடைசி வருஷம் முழுக்க முன்கதவைத் திறந்துவைத்து, படுக்க முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்துமா என்றார்கள். டட்லி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர். இப்போது எழுபது வயதில், எல்லோருக்கும் முன்னால், அவர் மெதுவாக உட்கார்ந்தார். நாற்காலி இருக்கிறதா என்று பின்னால் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பின்னாலிருந்து கிளெனிஸின் குரல் வந்தது. அது உரத்த குரலில்லை.

"அந்தப் பெட்டி எங்க சமையல் மேசை மேல இருக்கு. நேத்து சாயங்காலம் அங்க உக்காந்துதான் ராவுனாரு. நான் துடைச்சுட்டேன்."

அதன்பிறகு கூட்டத்தை முடித்துவைக்க யாருமில்லை. அதுவாகவே முடிந்தது. ஏவிஸை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கிளெனிஸ் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மூன்று பேர் எழுந்து போய், பைக்கை உதைத்துக் கிளப்பாமல் கையாலேயே தள்ளி டிரெய்லரில் ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செய்து வைத்த தேநீர் இருந்தது. அதனால் தேநீர் கொடுத்தார்கள், ஜாமும் க்ரீமும் வைத்த ரொட்டிகள் கொடுத்தார்கள். மர்ரே கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், சுவரோரம் நின்றார். அவர் பக்கத்தில் வர எவருக்கும் தோன்றவில்லை. விலகிப் போகவும் எவருக்கும் தைரியமில்லை.

முன்வரிசைக் கிழவர் மட்டும் சாப்பிட்டார். பசியா, பழக்கமா தெரியவில்லை. ஊர்வலத்துக்கென்று தைத்த காக்கிச் சட்டை போட்டிருந்தார். ரொட்டியைக் கடித்ததும் துகள்கள் சட்டையின் முன்பக்கம் கொட்டின. தட்டிவிடுவதற்குக் கையைத் தூக்கினார். தூக்கிய கை நெஞ்சுக்கு முன்னால் அப்படியே நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.