சத்தம் நின்ற பிறகு

காலை பத்தே கால் மணிக்கு டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்தார். கீழறைகள் இரண்டுக்கும் நடுவே சுவராக ஒரு கோடு போட்டு, அதில் ஒரு வட்டமிட்டார். ஏழு வயது மோனிஷாவுக்குப் பிறவியிலேயே இருந்த ஓட்டை அது. பள்ளிக்கூடத்தில் ஓடும்போது உதடு நீலமானதால் டீச்சர்தான் அனுப்பி வைத்தார்.

"மூணு வருஷமா ஏன் வரலை?"

"சத்தம் நின்னுபோச்சுங்க," என்றான் பூபாலன்.

ஆர்.கே.பேட்டையில் தினமும் அவன் தறியை நிறுத்தியதும், மனைவி ஷோபனா மகளின் நெஞ்சில் காது வைத்துக் கேட்பாள். உஸ் உஸ்ஸென்று இரைச்சல் கேட்கும். அது குறைந்துகொண்டே வந்து ஒருநாள் கேட்கவில்லை. ஓட்டை மூடிக்கொண்டது என்று திருத்தணி மலையேறி, மகளுக்கு மொட்டையடித்து வேண்டுதலை முடித்தார்கள்.

"இடது பக்கத்து ரத்தம் ஓட்டை வழியா பீச்சியடிச்சதாலதான் சத்தம். இப்ப நுரையீரல் குழாயெல்லாம் இறுகி, ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம். ஓட்டை அப்படியேதான் இருக்குதுப்பா."

"ஆபரேஷன் பண்ணிடலாங்களா?"

"அப்பவே வந்திருந்தா தைச்சிருக்கலாம். இப்ப மூடினா இதயம் தாங்காது. இனிமே மாத்திரைதான்."

பூபாலன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான்.

வெளியே பெஞ்சில் ஷோபனா, மடியில் கிடந்த மகளின் நெஞ்சில் காது வைத்திருந்தாள். அவனைக் கண்டதும் நிமிர்ந்து சிரித்தாள்.

"இவ்ளோ நேரம் கேட்டுகினுதான் இருந்தேன், பாவா. ஒரு சத்தமும் இல்ல. டாக்டரும் அதானே சொன்னாரு?"