பெகாயிமுக்குத் தொண்ணூறு

நுரிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்-பெல் ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவில் வினாத்தாள்களுக்கு மதிப்பெண் போடுவது அவள் வேலை. வலி, தூக்கம், நடை, மனசு எல்லாவற்றையும் கூட்டி, நோயாளியின் வாழ்க்கை நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். பெகாயிமுக்குத் தொண்ணூறு வந்திருந்தது. ஆஸ்பத்திரிப் படியேறுவதற்குள் பாதியில் உட்கார்ந்துவிடும் பெண்ணுக்குத் தொண்ணூறாம்!

"இவ்வளவு நல்லா இருக்கறவளுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ் மெஷின் எதுக்கு? ரெண்டு போதும்" என்றார் டாக்டர் எர்மெக்.

"செத்துப்போயிடுவா, டாக்டர்."

"தாள் அப்படிச் சொல்லலையே. வேணும்னா மறுபடி கேட்டு எழுதிட்டு வா. நீயா நம்பரை மாத்தினா வேலை போயிடும்."

தாளைத் திருப்பினாள். கேள்வி கேட்ட இடம்: நோயாளியின் வீடு. உடன் இருந்தவர்: மாமியார். எந்த மடையன் மருமகளை மாமியார் எதிரே உட்காரவைத்து வலிக்கிறதா என்று கேட்டான்? கிர்கிஸ் வீட்டில் மாமியார் காதுபட முடியவில்லை என்று சொன்னால், இந்த வீட்டில் என்னைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று குறை சொன்ன மாதிரி. கீழே கையெழுத்தைப் பார்த்தாள். மடையன் எர்மெக்தான்.

அன்றே பனியில் நடந்து பெகாயிம் வீட்டுக்குப் போனாள். மாமியார் சோனுன்பு ரொட்டியும் தேநீரும் எடுத்து வைத்தாள்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களாம்மா?"

"என் வீட்டுல என்னையே வெளிய போகச் சொல்றியா?"

நுரிலா பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "போன மாசம் வலி எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கேன்." பெகாயிம் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"தூக்கம்?"

"நல்லாத் தூங்கறேன்."

"அடிப்பாவி! இப்படியே சொல்லிட்டிரு. ஒரு நாள் மெஷினைப் பிடுங்கிடுவாங்க. இந்தக் குளிரைத் தாண்ட மாட்டே!"

சோனுன்பு கெண்டியை ணங்கென்று வைத்தாள். "எதைப் பிடுங்குவாங்க?"

நுரிலா சொன்னாள். கிழவியின் முகம் சிவந்துபோனது.

"ஏண்டி, ராத்திரி பூரா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு முனகறியே, நான் என்ன செவிடா? எனக்கு மரியாதை குடுக்கறேன்னு சாகப் போறியா? நான் சொல்றேன், நீ எழுதிக்கோ நுரிலா."

"நீங்க சொன்னாச் செல்லாதும்மா. அவ வாயால வரணும்."

கிழவி கம்பளிக் கோட்டை மாட்டினாள். "மாட்டுக் கொட்டகைக்குப் போறேன். இவ நல்லா இருக்கேன்னு இன்னொரு தரம் சொன்னா, அங்கயே விறைச்சுக் கிடப்பேன். உள்ள வரவே மாட்டேன்." கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

நுரிலா மறுபடி ஆரம்பித்தாள். "உன் உடம்பு எப்படி இருக்கு?"

பெகாயிம் சாத்திய கதவைப் பார்த்தாள். "மோசம்."

"எவ்வளவு?"

"ரொம்ப மோசம்க்கா! ஒரு வாளித் தண்ணி தூக்க முடியல. முப்பது வயசுல எல்லாத்துக்கும் அத்தை கையைப் பிடிக்கறேன். வெறுத்துப்போச்சு, எழுதுங்க!" கொட்டகை வரை கேட்கட்டும் என்றே கத்தினாள்.