உழாத ஒரு ஏக்கர்

ரக்ஷா பதினொன்றாம் வகுப்பு. பிடிவாதத்தில் அப்படியே அப்பாவைக் கொண்டு பிறந்தவள். அந்த அப்பா ஜெயபிரகாஷ்தான் இப்போது அவளுக்கு எதிர்க்கட்சித் தலைவர்.

சண்டை ஒரு ஏக்கர் புல்லுக்கு. டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் அவர்கள் குடியிருப்பின் கோடியில், குளத்துக்குப் பின்னால், இடுப்பளவு புல் மண்டிக் கிடக்கும் இடம். அங்கே கிரிக்கெட் பிட்ச் போட வேண்டும் என்று அப்பா ஐம்பது பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். ரக்ஷாவும், பள்ளி வரலாற்றுக் குழுவில் அவளோடு இருக்கும் அனிருத்தும் மானஸாவும் விடுவதாயில்லை. ஒரு காலத்தில் காட்டெருமைகள் மேய்ந்த பிரெய்ரிப் புல்வெளியில், அந்தச் சுற்றுவட்டாரத்தில் கலப்பை படாமல் மிஞ்சியது இது ஒன்றுதான் என்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

குடியிருப்போர் சங்கத் தலைவி லிண்டா நியாயமானவள், ஆனால் கடிகாரத்தைப் பார்த்து வாழ்பவள். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு எல்லோருக்கும் இடத்தைச் சுற்றிக் காட்டலாம், பதினொன்றுக்கு அங்கேயே கை தூக்கி வாக்கெடுப்பு என்று சொல்லிவிட்டாள். ரக்ஷா தரப்பு தோற்றால் திங்கட்கிழமை புல்டோசர் வரும்.

"டெக்சாஸ்ல புல்லுக்கா பஞ்சம்? ப்ராக்டிஸ் பண்ண பிளேனோ வரைக்கும் டிரைவ் பண்ணிட்டிருக்கோம்" என்றார் அப்பா.

"டாட், ஜஸ்ட் கம் அண்ட் சீ" என்றாள் ரக்ஷா. அவர் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும்தான் அந்த வீட்டு வழக்கம்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு வந்தது ஆறு அமெரிக்கர்களும் இரண்டு நாய்களும். ஒன்பதரை என்று போட்டால் பத்தரைக்குக் கிளம்புகிற ஜனம் நம் ஜனம். பிறந்ததிலிருந்து பார்த்தும் ரக்ஷாவுக்கு இது உறைக்காமல் போயிற்று. பத்தே முக்காலுக்கு எண்பது பேர் மொத்தமாக வந்து இறங்கினார்கள், பாதிப் பேர் கிரிக்கெட் ஜெர்சியில். மிச்சம் பதினைந்து நிமிடம். மூன்று மாதமாகத் தயார் செய்த முக்கால் மணி நேரப் பேச்சு அம்போ. அவளுக்கு அழுகை முட்டியது.

"பேச்சை விடு. படத்தை விரி" என்றாள் மானஸா.

எண்பது வருஷத்துக்கு முன் விமானத்திலிருந்து எடுத்த படம். கவுன்ட்டி ஆவணக் காப்பகத்தில் தேடிப் பிடித்து, இருபதடித் துணியில் அச்சடித்திருந்தார்கள். இன்றைய தெருக்களை அனிருத் அதன்மேல் சிவப்பில் வரைந்திருந்தான்.

ரக்ஷா தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழிலேயே கத்தினாள். "அங்கிள், ஆன்ட்டி! உங்க வீடு எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க!"

அவ்வளவுதான். அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் துணிமேல் ஏறிவிட்டார்கள்.

"எங்க வீடு பருத்திக் காட்டுல!"

"அய்யோ, நம்ம கராஜ் மாட்டுக் கொட்டாய்டி!"

அப்பாவின் டீமில் முதலில் பேட்டிங் இறங்கும் சுந்தரராமன் மண்டி போட்டுத் தேடினார். அவர் வாஸ்து பார்க்காமல் ஒரு மெயில்பாக்ஸ்கூட நடாதவர்.

"இதென்ன, என் வீட்டுக்கு அடியில ஓடை ஓடுது? அதான் மூணு வருஷமா பூஜை ரூம் சுவரு விரிசல் விடுதா! வாஸ்துக்காரன் கிழக்கு வாசல்னு சொன்னானே ஒழிய, ஓடைன்னு சொல்லலையே!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரக்ஷா சமயத்தை விடவில்லை.

"எல்லா இடத்துலயும் கோடு கோடா இருக்கு, பாருங்க. அது உழுத கோடு. கோடே இல்லாத இடம் எது?"

ஏழெட்டு விரல்கள் ஒரே இடத்தைத் தொட்டன. பிறகு ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கி, பத்தடி தள்ளிக் காற்றில் அசைந்த அதே புல்லைப் பார்த்தார்கள்.

"வருஷத்துக்கு ஒருவாட்டி மாட்டுக்கு அறுத்ததோட சரி. யாரும் உழல. வேர் பத்தடிக்கு மேல போகுது. ஒருவாட்டி தோண்டிட்டா திரும்ப வராது அங்கிள். பிட்ச் எங்க வேணா போடலாம்" என்றாள். தமிழ் இடறியது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பதினொரு மணி. பிட்ச்சுக்குக் கை தூக்கச் சொன்னாள் லிண்டா. முதல் கை அப்பாவுடையது. டீமுக்குக் கொடுத்த வாக்கை அவர் மீறுபவரல்லர். மொத்தம் பதினேழு. சுந்தரராமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

புல்வெளிக்கு அறுபத்து நான்கு!

மானஸா வீறிட்டாள், அனிருத் குளத்தில் விழாத குறை. ரக்ஷா இருவரையும் கட்டிக்கொண்டு குதித்தாள். குதித்துக்கொண்டே அப்பாவைத் தேடினாள். ஜெயித்த சந்தோஷத்துக்குள் ஒரு முள் உறுத்தியது.

அவர் குளத்தோரம் ஃபோனில் இருந்தார். பிளேனோவிலிருந்து அவர் டீம் நண்பர் முகுந்த்.

"பிட்ச் போச்சுப்பா. தோத்துட்டோம்" என்றார். தோற்றவர் முகமா அது? பல் அத்தனையும் தெரிந்தது.

"யார்கிட்டன்னு கேளேன்" என்றவர், எண்பது பேருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"எம்பொண்ணுகிட்டடா!"