பொடிசின் வரிசை மட்டும்

மூன்றேகால் மணியிலிருந்து நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு என் வகுப்பின் சதவீதப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறிவிடும். அறுபதுக்குக் கீழே இருந்தால் அடுத்த வகுப்பு கிடையாது, வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நாற்பத்தொரு பேரில் ஒரே ஒருத்திதான் அப்படி. அவள் என் அக்கா மகள்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, பெற்றோர் கையெழுத்தோடு திரும்பி வந்த மதிப்பெண் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பொடிசின் அட்டை வந்தது. வகுப்பிலேயே குள்ளம் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். அக்கா கையெழுத்துப் போட்டிருந்தாள். நேற்றிலிருந்து எனக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. கோபம் இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டே அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டு அழித்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். 333, அதற்குக் கீழே 550, பக்கத்தில் 60.5.

நான் போட்டிருந்தது 55.5.

ஐயோ, ஐநூற்றைம்பது! ஐந்து பாடங்களுக்கு நூறு நூறு. கம்ப்யூட்டர் பாடத்தை மட்டும் இந்த வருஷம் ஐம்பதாகக் குறைத்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாதா என்ன? மற்ற நாற்பது பேருக்கும் மொத்தம் ஐநூற்றைம்பது என்றுதான் கம்ப்யூட்டரில் கொடுத்திருந்தேன். இவள் ஒருத்திக்கு மட்டும் நான் கம்ப்யூட்டரை நம்பவில்லை. அது அரையை முழுசாக்கிவிடும். இவளுக்கு ஐம்பத்தொன்பதரை வந்து அதை அது அறுபதாக்கி வைத்தால், சித்திக்காரி வேலையைக் காட்டிவிட்டாள் என்று ஊரே பேசாதா? அதனால் இவள் வரிசையைத் தனியாக எடுத்துக் கையால் போட்டேன். பதினெட்டு வருஷப் பழக்கம், கை தன்பாட்டுக்கு அறுநூறு என்று எழுதிவிட்டது. மூன்று தடவை சரிபார்த்தேன். மூன்று தடவையும் அதே அறுநூறால்தான் வகுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

331 எடுத்த பெண் தேறியிருந்தாள். அவளைவிட இரண்டு மதிப்பெண் கூட எடுத்தவளை நான் வெளியே தள்ளியிருந்தேன்.

போய்ச் சொல்லித் திருத்த வேண்டியதுதானே என்பீர்கள். போன வருஷம் விளையாட்டு வாத்தியார் தன் தம்பி மகனுக்கு நாலு மதிப்பெண் கூட்டிப் போட்டார். அன்று சாயங்காலமே அவர் சீட்டு கிழிந்தது. விசிலையும் தொப்பியையும் ஒரு அட்டைப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு அவர் வாசலைத் தாண்டிப் போனதை இதே ஜன்னலில் நின்றுதான் பார்த்தேன். இப்போது நான் போய், நாற்பத்தொரு பேரில் என் அக்கா மகளுக்கு மட்டும் கணக்கு தப்பு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்வானேன், ஐந்து நிமிஷம் நினைத்தேன்.

பிறகு எழுந்து முதல்வர் அறைக்குப் போனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும். அட்டையைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், கால்குலேட்டரில் ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

“இந்த ஒரு வரிசை மட்டும் எப்படித் தப்பாச்சு?”

“இதை மட்டும் கையால போட்டேன் சார்.”

“ஏன்?”

அந்த அட்டைப்பெட்டிதான் கண்ணுக்குள் நின்றது.

“என் அக்கா பொண்ணு சார்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். கால்குலேட்டரை என் பக்கம் தள்ளி, மீதி நாற்பது பேருக்கும் தன் கண்ணெதிரே போட்டுக்காட்டச் சொன்னார். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, அழித்துத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு எண்ணும் பட்டியலோடு ஒத்துப்போகும்வரை உயிர் என் கையில் இல்லை. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாற்பதும் முடிந்தது, எல்லாம் சரி. 55.5ஐ அவரே சிவப்பு மையால் அடித்து, 60.5 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“விளையாட்டு வாத்தியார் சொந்தக்காரப் பிள்ளைக்குக் கூட்டினார். நீங்க குறைச்சிருக்கீங்க. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். நாளைக்கு எழுத்துல விளக்கம் கொண்டு வாங்க.”

சரி சார் என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, ஞாபகம் இல்லை. வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்கவில்லை. நேரே வகுப்புக்கு ஓடினேன்.

எல்லாரும் வெளியே அறிவிப்புப் பலகைக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டிருக்க, பொடிசு மட்டும் தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். நோட்டுகள், ஸ்கேல், வண்ணப் பென்சில் டப்பா எல்லாம் பைக்குள் போயிருந்தன. நீ தேறிவிட்டாய், எல்லாவற்றையும் திரும்ப மேஜையிலேயே வை என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினேன்.

“உனக்கு நேத்தே தெரிஞ்சிருக்கு. ஏன்டி சொல்லல?”

“மார்க் விஷயமா உங்ககிட்ட வந்து நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே டீச்சர்.”

“அது பள்ளிக்கூடத்துல. வீட்டுக்கு வந்து சொல்றதுக்கு என்ன? அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

பைக்குள் கையை விட்டுப் பென்சில் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“சொன்னா அம்மா உங்களைத் திருத்தச் சொல்லும். நீங்களும் போய்த் திருத்துவீங்க,” என்றாள். “விளையாட்டு சார் பெட்டியைத் தூக்கிட்டுப் போனாரே, நானும் பார்த்தேன் சித்தி. அதான் அழிச்சிட்டேன்.”