கடைசிப் பாட்டைப் பாடியவர்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது ஒரு வானொலி நிலையம். ‘ஐந்து மணிப் பேருந்து’ வெளிவந்து நாற்பத்தைந்து ஆண்டு ஆகிறதாம். பாட்டை எழுதியவன் என்ற முறையில், அது பிறந்த கதையைச் சந்தோஷமாகப் பத்து நிமிடத்துக்கு எழுதித் தர வேண்டுமாம். எனக்கு வயது எழுபத்து நான்கு. சந்தோஷமாக எழுத இன்னும் பல பேர் இருக்கிறார்கள். நான் உண்மையாக எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வரி: சியோலில் அன்று பனி கொட்டியது. மின் ஹே-ரான் மைக் முன்னால் கண்ணை மூடி நின்று

(அடித்துவிட்டேன். புகழ்பெற்ற பாடகி ஹே-ரான் அன்று ஒலிப்பதிவுக்கு வரவே இல்லை.)

2

அந்தக் காலத்தில் எந்த இசைத்தட்டானாலும் கடைசியில் ஒரு நல்லொழுக்கப் பாட்டு இருந்தாக வேண்டும். அரசு உத்தரவு. காதலித்து அழும் பாட்டெல்லாம் முடிந்ததும், சீக்கிரம் எழுந்திரு, சோம்பாதே என்று ஒன்று வரும். கேட்பவர்கள் அதற்குள் இசைத்தட்டிலிருந்து ஊசியைத் தூக்கிவிடுவார்கள். பெரிய பாடகர்கள் அதைத் தீண்டமாட்டார்கள். ஹே-ரானின் தட்டில் அப்படிக் கடைசியில் வந்ததுதான் நான் எழுதிய ‘ஐந்து மணிப் பேருந்து’. எனவே அதைப் பாடியவர் கோரஸ் பாடகி ஓக் மல்-சூன். சளி பிடித்த குரலில், ஒரே டேக்கில். உறையில் அவர் பெயர் இல்லை.*

விடியலில் அந்தப் பேருந்தைப் பிடிக்கும் தையல் ஆலைப் பெண்கள் மட்டும் ஊசியைத் தூக்கவில்லை. ஆறே மாதத்தில் ஊரெல்லாம் அந்தப் பாட்டுதான். பாடியது ஹே-ரான்தான், அன்று தொண்டை கட்டியிருந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். அவரும் தொலைக்காட்சியில் வாயசைத்தார். நான் ஒரு பேட்டியில், “அவங்க குரலை மனசுல வச்சுத்தான் எழுதினேன்” என்றேன்.

*அன்று அது எனக்குத் தப்பாகவே படவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

3

போன வாரம் மல்-சூன் அக்காவைத் தேடிப் போனேன். இஞ்சியோன் சந்தையில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார்.

“சந்தைக்காரிங்களோட கரோக்கே போனேன் தம்பி. நம்ம பாட்டத்தான் போட்டாளுங்க. பாடி முடிச்சா மெஷின் எழுபத்திரண்டு மார்க் போடுது. மீன்காரி சொல்றா, ‘ஹே-ரான் மாதிரி பாட நீ இன்னொரு ஜென்மம் எடுக்கணும்’னு.”

“நீங்க பாடுனதுதான்னு சொல்லலையாக்கா?”

“சொன்னேனே. அப்பத்தான் ரொம்பச் சிரிச்சாளுங்க.”

அவரும் சிரித்தார். என்னால் முடியவில்லை, வெட்கமாக இருந்தது.

“நான் எழுதப் போறேன்க்கா.”

“என்னன்னு? பாவம், ஏமாந்த பொம்பளைன்னா?” கரண்டியைக் கீழே வைத்தார். “பாடுனவ பேரப் போடு. பொய் சொன்னவன் பேரையும் போடு. ரெண்டும் இல்லாம ஒரு வரி வரக்கூடாது. சாப்பிடு, ஆறுது.”

4

முடிவுகள். ஹே-ரான் மன்னிப்புக் கேட்பதாக ஒன்று எழுதினேன். அவர் செத்து மூன்று வருடமாகிறது. மல்-சூன் மேடையேறிப் பாட, கூட்டமே எழுந்து நின்று

(போதும். என் காயத்துக்கு நானே போட்டுக்கொள்ளும் களிம்பு இது.)

வானொலிக்காரர் படித்துவிட்டு, அந்த இரண்டு பெயரையும் எடுத்தால் ஒலிபரப்புகிறோம் என்றார். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் இது காற்றில் வராமல் தாளாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பாடியவர் ஓக் மல்-சூன். பொய் சொன்னவன் நோ கி-தேக், இதை எழுதுகிறவன்.

நாளை ஒரு பிரதியோடு கடைக்குப் போகிறேன். படித்துவிட்டு அவர் என்ன சொல்வார் என்று நான் எழுதப் போவதில்லை. அவர் குரலை ஒருமுறை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்தவன் நான். பதிலையும் நானே எழுதினால் அது இரண்டாவது திருட்டு. முடிவு வேண்டுமென்றால் நீங்களே போங்கள். சந்தையின் தெற்கு வாசல், மூன்றாவது கடை. பெயர் சொல்லிக் கேளுங்கள்.